சிரிக்கத் தகுமோ?



அறுபது லட்சம் யூதர் கொலையுண்ட கொடுமையை வைத்து நகைச்சுவைப் படம் எடுக்கலாமா? 1997-இல் இத்தாலிய நடிகர் ரொபெர்த்தோ பெனினியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ வெளிவந்தபோது பலர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வியே. 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரை எள்ளி நகையாடிய சாப்ளின், வதைமுகாம்களின் உண்மையான கோரம் அன்று தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964-இல் வெளியான சுயசரிதையில் எழுதினார்.

பெனினிக்கோ எல்லாம் தெரியும். அவருடைய தகப்பனார் ஜெர்மானியரின் முகாமில் கைதியாயிருந்தவர்.

படத்தில் குயிதோ என்னும் யூதத் தகப்பன், முகாம் ஒரு விளையாட்டு என்றும், ஆயிரம் புள்ளி சேர்த்தால் நிஜ பீரங்கி வண்டி பரிசு என்றும் சிறு மகனை நம்பவைக்கிறான். சிப்பாய் ஜெர்மன் மொழியில் விதிகளை முழங்க, அம்மொழி அறியாத இவன் முன்வந்து ‘மொழிபெயர்க்கிறான்’: அழுதால் புள்ளி போகும், அம்மாவைக் கேட்டால் புள்ளி போகும். நாம் சிரிக்கிறோம். யாரைப் பார்த்து? அதட்டுகிறவனைப் பார்த்தே.

எஸ்தர் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு ஜனத்தையே அழிக்க நாள் குறித்த ஆமான், தான் பகைத்த மொர்தெகாயைக் குதிரையில் ஏற்றி, வீதியில் அவன் கனத்தைக் கூறிக்கொண்டு நடக்க நேரிடுகிறது. பூரிம் பண்டிகையில் அதை வாசிக்கும்போது ஆமானின் பெயர் வருந்தோறும் யூதர் இன்றும் கிலுகிலுப்பை ஆட்டி இரைச்சலிடுவர். (பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான்!) தப்பிப் பிழைத்தவர்களின் சிரிப்பு அது. வேடிக்கை பார்த்திருந்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்றே நினைக்கிறேன்.

பெனினி முகாமை மென்மையாக்கிவிட்டார் என்பர். அது மெய்தான். ஆஷ்விட்ஸில் சிறுபிள்ளைகளில் பெரும்பாலோர் வந்திறங்கிய நாளிலேயே நச்சுவாயுவுக்கு இரையாயினர்.

ஆயினும் ஒரு காட்சியைக் கவனியுங்கள். இரவில், மூடுபனியில், உறங்கும் மகனைச் சுமந்துகொண்டு குயிதோ வழிதவறி வருகிறான். பனியினூடே பிணக்குவியல் தெரிகிறது. ஓயாமல் பேசும் அவன் வாய் அடைத்துப்போகிறது. ஒரு வேடிக்கையும் அவனிடம் இல்லை. மெல்லப் பின்வாங்கிப் பனிக்குள் மறைகிறான்.

வாலிபர் கூடுகையில் இப்படத்தைக் காட்ட விரும்புகிறவர்கள் அந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிட வேண்டாம். அதைப் பார்த்தபின், சுடப்படுவதற்குக் கொண்டுபோகப்படும் குயிதோ, மகன் ஒளிந்திருக்கும் பெட்டியைக் கடக்கையில் கோமாளி நடை போடுவதையும் பார்க்கட்டும். அந்த இடத்தில் அவர்கள் சிரித்தாலும் தடுக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையும் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.