கடன் முதலில், பங்கு பிறகு!

கணக்கு நோட்டு காணாமல் போவது ஏதோ நம்ம ஊர் ஸ்பெஷாலிட்டி என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே இந்த வித்தையில் டாக்டரேட் வாங்கியவர்கள் இருந்தார்கள் சார்!

காலிஸ் ஹண்டிங்டன் என்று ஒருவர். சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் நாலு பெரும் புள்ளிகளில் ஒருத்தர். 1869 மே 10-ம் தேதி, இவர்கள் போட்ட தண்டவாளமும் கிழக்கேயிருந்து வந்த தண்டவாளமும் சந்தித்தபோது, தங்கத்தில் ஆணி வைத்துக் கொண்டாடினார்கள். தண்டவாளம் போடும் காண்ட்ராக்டை யாருக்குக் கொடுத்தார்கள்? அவர்களே நடத்திய இன்னொரு கம்பெனிக்கு! வலது கை பில் போடும், இடது கை பாஸ் பண்ணும். 1887-ல் அரசாங்கம் கமிஷன் வைத்து விசாரித்தபோது, அந்த காண்ட்ராக்ட் கம்பெனியின் பேரேடுகள் மாயம்! (கரையான் மேல் பழி போடும் கலை அங்கே வளரவில்லை போலிருக்கிறது.)

பேரேடு போனாலும் கடுதாசி போகவில்லை. எந்த அரசியல்வாதியை எப்படி வழிக்குக் கொண்டு வருவது என்று கூட்டாளி டேவிட் கோல்ட்டனுக்கு ஹண்டிங்டன் விலாவாரியாக எழுதித் தள்ளியிருந்தார். கோல்ட்டன் 1878-ல் காலமானார். பங்கில் ஏமாற்றி விட்டார்கள் என்று அவர் மனைவி கேஸ் போட, 1883-ல் அந்தக் கடுதாசிகள் கோர்ட் வழியாகப் பேப்பருக்கு வந்து நாறிப் போனது. அந்த அம்மா கேஸில் தோற்றார். ஆனால் ஹண்டிங்டன் மேல் விழுந்த கறை இன்று வரை போகவில்லை.

அவருடைய அண்ணன் மகன் ஹென்றி இன்னும் கெட்டிக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நிலத்தை வாங்கு, 1901-ல் ஆரம்பித்த பசிபிக் எலெக்ட்ரிக் ரயிலை அங்கே விடு, அப்புறம் பிளாட் போட்டு வில்! 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' விளம்பரத்துக்கெல்லாம் அவர்தான் தாத்தா. ஆனால் அதே ஹென்றி 1919-ல் ஒரு பெரிய நூலகத்துக்கு ஏற்பாடு செய்தார். அவருடைய சொந்தக் கடிதங்களும் வியாபாரக் காகிதங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் குடும்பத்துக்கும் ரயில்வேக்கும் ஒரே சம்பந்தம், கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் ஸ்டேஷனுக்குத் தாத்தா வண்டி கட்டி வெங்காய மூட்டை கொண்டு போனதுதான். ரியல் எஸ்டேட்? மலையடிவாரத்தில் மூணு ஏக்கர், ஒரு கிணறு. அந்த மூணு ஏக்கரை இப்போது பிளாட் போட ஒரு பார்ட்டி கேட்டு, அட்வான்சும் கொடுத்தாயிற்று. பத்திரம் தேடுகிற வேலை என் தலையில். குடும்பத்தில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தானே!

தகரப் பெட்டியில் கிரயப் பத்திரம், தீர்வை ரசீது, உரக்கடை பில், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அடியில் ஒரு கணக்கு நோட்டு. 1964-ம் வருஷத்துப் பக்கத்தில் தாத்தாவின் கோழிக்கிறுக்கல்: 'கிணறு வெட்ட மகள் நகை எட்டுப் பவுன் அடகு. மீட்டுத் தர வேண்டியது.' வட்டி கட்டியது நாலு வரி இருக்கிறது. மீட்டதாக ஒரு வரி கூட இல்லை.

அந்த மகள் என் அத்தை. செம்பட்டியில் இருக்கிறார். எண்பது தாண்டி விட்டது. நிலத்தில் அவருக்கும் பங்கு உண்டு. 'தம்பி பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்' என்று சும்மாவே விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்.

நோட்டைக் காட்டினேன். அண்ணன் முகம் மாறியது. "டேய், பத்திரத்தை மட்டும் எடுத்துக்க. மத்ததை அடுப்புல போடு. கெணறு வெட்ட பூதம் கெளம்புன கதையா ஆக்காத. மூணு வருஷம் தாண்டுனா கடன் செல்லாதுடா!"

மெர்க்கன்டைல் லா எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மூணு வருஷத்தில் காலாவதியாவது கேஸ் போடும் உரிமைதான், கடன் சாவதில்லை. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, காலாவதியான கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். இன்னொன்றும் படித்தோமே... கம்பெனியை இழுத்து மூடினால் முதலில் கடன்காரருக்கு, அப்புறம்தான் பங்குதாரருக்கு. பங்கை அத்தை விட்டுக் கொடுக்கலாம், அது அவர் பெருந்தன்மை. அதைச் சாக்கிட்டு அவருக்குத் தர வேண்டிய கடனை நாம் மறைத்தால்?

"வித்த பணத்துல முதல்ல எட்டுப் பவுன். மிச்சத்துலதான் நமக்கு" என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை.

மறுநாள் நோட்டை எடுத்துக் கொண்டு செம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். பவுனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்கப்பா எழுதி வச்சிருந்தாராய்யா? மறந்துட்டாருன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்... இன்னொரு தரம் படி" என்றார்.

படித்தேன். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை. நோட்டு என் பீரோவில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்!