மறக்கப்பட்ட மணமகள்

பலரும் புகழ்ந்துரைத்த திரைப்படம் ஒன்றை அண்மையில் கண்டோம். ஆர்தர் பென் இயக்கத்தில் 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘போனி அண்ட் கிளைட்’ என்பதே அது. வாரன் பீட்டியும் ஃபே டனவேயும் நடித்த அப்படம் இரண்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அதன் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. எனினும், படம் முடிந்தபோது நம் உள்ளத்தில் எஞ்சியது ஏமாற்றமே.

போனி பார்க்கரும் கிளைட் பேரோவும் கற்பனை மாந்தர் அல்லர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நலிந்த டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்தவர்கள். திரையில் கிளைட் வங்கியைக் கொள்ளையிடும்போது, அங்கு நின்ற உழவனின் பணத்தைத் தொடாது விடுகிறான். உண்மையிலோ, அக்கூட்டத்தார் பெரும்பாலும் சூறையாடியவை சிறு கடைகளும் பெட்ரோல் நிலையங்களுமே. அக்கடைக்காரரும் எளியவர் அன்றோ?

படத்தின் நடுவே, தப்பியோடும் காரைப் பற்றித் தொங்கும் வங்கி ஊழியர் ஒருவரைக் கிளைட் முகத்தில் சுடுகிறான். அந்தக் கணத்தில் நாம் திடுக்கிட்டோம். இனியேனும் மாண்டவரின் இல்லத்தைக் காட்டுவர் என எதிர்பார்த்தோம். காட்டவில்லை. அவர் பெயரைக்கூட நாம் அறியாமலே கதை நகர்ந்துவிடுகிறது.

1934-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். அது உயிர்ப்பு ஞாயிறு. டெக்சாஸின் கிரேப்வைன் ஊரருகே நெடுஞ்சாலைக் காவலர் இருவரை இக்கூட்டத்தார் சுட்டுக் கொன்றனர். அவருள் மர்ஃபி என்னும் இளைஞருக்கு மணநாள் குறிக்கப்பட்டிருந்தது. அவரை மணக்கவிருந்த பெண், மணநாளுக்கென வைத்திருந்த ஆடையை உடுத்தியே அடக்கச் சடங்கிற்கு வந்தாராம். படத்தில் இந்நிகழ்ச்சிக்கு இடமே இல்லை.

அவ்வாண்டு மே 23-ஆம் நாள், லூசியானா மாநிலத்தில் காவலர் பதுங்கியிருந்து சுட்டதில் காதலர் இருவரும் மடிந்தனர். கிளைடுக்கு வயது 25, போனிக்கு 23. அவ்விளம் உயிர்களுக்காக நாமும் இரங்குகிறோம். அவர்கள் வீழும் காட்சியைப் படம் மெதுவாக ஓடவிட்டு நம் கண்களைக் கலங்கச் செய்கிறது. ஆனால் அவர்களால் வீழ்ந்தவர்களுக்கு அத்தகைய ஒரு நொடிகூட ஒதுக்கப்படவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, இத்தகைய படங்களை உங்கள் பிள்ளைகள் காண நேர்ந்தால், கண்டித்து ஒதுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: “சுடப்பட்ட அந்த மனிதருக்காக அன்றிரவு வீட்டில் காத்திருந்தவர் யார்?”