முகவரி உள்ள மது

சயானில் எங்கள் வீட்டுக்குள் மது பாட்டில் ஒன்று முதன்முதலாக நுழைந்தது சென்ற ஆண்டுதான். சோலாப்பூர் பக்கம் வேலையாகப் போன மகன் வாங்கி வந்தான். அக்லூஜ் வட்டாரத்தில் விளைந்த 'சாஞ்சோவேசே' என்ற இத்தாலியத் திராட்சையின் சிவப்பு ஒயின். எண்பதைத் தாண்டிய அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சாராயந்தானல இது?"

"இல்ல ஆச்சி. யவனர் கப்பல்ல கொண்டுவந்த மதுவைப் பாண்டிய ராஜாவே குடிச்சிருக்கார். புறநானூத்துல இருக்கு" என்றான் மகன்.

"ராஜா குடிச்சா குடிச்சிட்டுப் போறாரு. உன் தாத்தா குடிச்சுத்தான் செத்தாரு."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா தாராவியில் தோல் பதனிடும் இடமொன்றில் கூலி. 1949இல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பின்னாளில் தளர்ந்தாலும், கூலிக்காரனின் கைக்கு எட்டியது சந்துகளில் காய்ச்சிய சரக்குதான். எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் கண் தெரியவில்லை என்றார். மாலைக்குள் போய்விட்டார். சரக்கில் கலந்த மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையைப் பறிக்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2015 ஜூனில் மால்வணியில் நூற்றுக்கும் அதிகமானோர் செத்ததும் இதனால்தான்.

அப்பா குடித்ததைக் காய்ச்சியது யார், எங்கே, எதைப் போட்டு? யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பாட்டிலுக்கு முகவரி இருந்தது. சாஞ்சோவேசேயின் சொந்த ஊர் இத்தாலியின் டஸ்கனி. அங்கே கியாந்தி ஒயின் எந்த எல்லைக்குள் விளைய வேண்டும் என்று மூன்றாம் கோசிமோ என்ற பிரபு 1716லேயே ஆணை போட்டுவிட்டார். இன்றும் 'கியாந்தி கிளாசிக்கோ' என்று பெயர் போட வேண்டுமானால் நூற்றுக்கு 80 பங்காவது சாஞ்சோவேசே இருக்க வேண்டும். அந்தக் கொடியைத்தான் அக்லூஜில் நட்டார்கள். இத்தாலியச் சகோதரர்கள், டெல்லிச் சகோதரர்கள், உள்ளூர் மோஹிதே-பாட்டீல் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்குப் பெயர் 'ஃபிராத்தெல்லி'. இத்தாலிய மொழியில் சகோதரர்கள் என்று அர்த்தம். பக்குவம் சொன்னவர் டஸ்கனிக்காரரான பியரோ மாசி. அங்கே இலையுதிர்காலத்தில் நடக்கும் அறுவடை, இங்கே கோடைக்கு முன்பே முடிந்துவிடும்.

குடித்துப் பார்த்தேன். முதலில் புளிப்பு. பிறகு நாவல் பழம் தின்றதுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருந்து வரும் டானின் அது. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. கடுக்காயிலும் மரப்பட்டையிலும் இருப்பது இந்த இனம்தான். பச்சைத் தோலைப் பதமாக்குவதும் அதுதான். அப்பா நாள் முழுக்கக் கை நனைத்த சமாச்சாரம் என் நாக்கில் இருந்தது.

கறியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும். ஆகவே காரம் குறைத்த ஆட்டுக்கறி வறுவலுக்கு நன்றாகச் சேர்ந்தது. புளிப்புக்குப் புளிப்பு என்பதால் தக்காளித் தொக்குக்கும் பொருந்தியது. நம் மீன் குழம்போடு மட்டும் வேண்டாம்: மிளகாய்க் காரத்தில் ஒயின் எரியும், துவர்ப்பும் கசப்பாகும். சாதாரண அறைச் சூட்டில் குடிக்கலாம் என்பது குளிர் நாட்டுக்காரன் சொன்ன பேச்சு. மும்பையில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதே சரி.

அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். லேபிளில் இருந்த ஊர், ஆண்டு, சாராய அளவு எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்கு சாராயம் இதிலும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டாள். இரண்டாவது முறை ஊற்றக் கை நீட்டியபோது பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"ஊரு பேரு எல்லாம் சரிதாம்ல. கணக்கு நான் வச்சுக்கிடுதேன்."

பாட்டில் காலியாக ஐந்து நாள் ஆயிற்று. தினமும் அவளேதான் எடுத்துக் கொடுத்தாள்.