ரெண்டு வில்லுக்கத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

நேற்று அஸர் முடிந்து பள்ளிவாசல் மதிலோரம் நின்று மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் கத்தியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: "சேர், இதெல்லாம் பொக்கட்ல வெச்சிக்கிட்டு நாம திரியலாமா?"

அந்த "நாம" என்ற சொல் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவர் இப்போது பிரான்சில் இருக்கிறார். ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் போட்டு எனக்கு ரெண்டு மடக்குக் கத்தி அனுப்பியிருந்தார். ஒபினெல் என்று பெயர், எட்டாம் இலக்கம். "ஒண்டு உங்களுக்கு, மத்தது நீங்க விரும்பிற ஆளுக்குக் குடுங்க சேர். எது புடிக்கும் எண்டு தெரியல்ல, அதான் ரெண்டு வகையும் வாங்கின" என்று வொய்ஸ் மெசேஜ்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. விவசாயிகளின் கத்தி. அலகு எட்டரை சென்டிமீட்டர். உருண்டையான பீச் மரப் பிடி. அலகின் அடியில் ஒரு இரும்பு வளையம்; திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல்தான் வந்தது. அலகில் ஒரு கை, அதன் மேல் ஒரு கிரீடம் முத்திரையாக இருக்கிறது. என்ன கை என்று தேடிப் பார்த்தேன். அந்தப் பகுதியில் சென் ஜோன் த மோரியன் என்று ஒரு ஊர். அதன் சின்னத்தில் உள்ள கைதான் இது. அந்த "சென் ஜோன்" வேறு யாருமில்லை, நம்முடைய யஹ்யா நபி. அவருடைய விரல்கள் தங்கள் தேவாலயத்தில் இருப்பதாக அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். எங்கிருந்து எங்கே வந்து சேர்கிறது பாருங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரெண்டு கத்திக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. ஒரே நீளம், ஒரே பிடி, ஒரே வளையம். ஒன்றின் அலகு காபன் உருக்கு. மற்றது கறள் பிடிக்காத உருக்கு, 13 சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்த்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

காபன் அலகைக் கையில் எடுத்த உடனேயே எனக்கு மனது அதில் விழுந்துவிட்டது. காரணம் வாப்பா.

வாப்பாவிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. மாட்டுக்கொம்புப் பிடி, ஒரே அலகு, பூட்டு கிடையாது. சாரத்து மடியில் சுருட்டி வைத்திருப்பார். வயலில் சாக்குத் தையல் பிரிக்க, கயிறு வெட்ட, நகம் வெட்ட, எல்லாத்துக்கும் அதுதான். கொய்யாப்பழத்தை உள்ளங்கையில் வைத்தே எட்டுத் துண்டாக்குவார். ஒரு கீறல் விழாது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்து, மீன் முள் மாதிரி ஆகியிருந்தது. நிறம் சாம்பலும் கறுப்பும். எனக்குப் பத்து வயதில் அதைத் திருட்டுத்தனமாக எடுத்து தென்னோலை சீவப் போய், அது மடிந்து விரலில் விழுந்த அடையாளம் இன்னும் ஆட்காட்டி விரலில் இருக்கிறது. 2011இல் வாப்பா மௌத்தானபோது காக்கா மணிக்கூட்டை எடுத்தார். நான் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கத்தி இப்போது என்னிடம் இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம் ஊர்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மே தொடக்கத்தில், வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னார்கள். ஆனால் வீடு வீடாகச் சோதனை நடக்கும்போது டீவியில் மேசை போட்டு அடுக்கிக் காட்டியதைப் பார்த்த உம்மாமாருக்கு அந்த ரெண்டாவது வரி காதில் ஏறுமா? எங்கள் உம்மா வீட்டில் இருந்த எல்லாக் கத்தியையும் பொறுக்கினா. பெருநாளுக்கு இறைச்சி வெட்டுகிறது, தேங்காய் உடைக்கிறது, எல்லாம். வெங்காயம் வெட்ட ஒரு சின்னக் கத்தி மட்டும் மிஞ்சியது. கடைசியாக என்னுடைய அலுமாரியைத் திறந்து வாப்பாவுடையதையும் எடுத்தா.

"இது வில்லுக்கத்தி உம்மா. இதுக்கு ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்க எண்டு நீ சொல்ற. வாறவன் சொல்லோணுமே மனே."

பழைய சீலைத் துண்டில் சுற்றி என் கையில் தந்தா. நோன்புக்கு ஒரு சில நாள்தான் இருந்தது. இருட்ட முதல் போய் ஆற்றில் போட்டேன். வெளியூர்க்காரர் வாவி என்பார்கள், நமக்கு அது ஆறுதானே. நான் அறிவித்தலை முழுதாக வாசித்தவன். பிள்ளைகளுக்குக் குடியியல் படிப்பித்தவன். அது சட்டவிரோதமான பொருள் இல்லை என்று தெரிந்துகொண்டே போட்டேன். யாரும் என்னை அடித்துப் போடச் சொல்லவில்லை. என் கையால்தான் போட்டேன். இதை இதுவரை காக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது வாசித்துவிட்டுப் போன் எடுப்பார் என்று நினைக்கிறேன்.

ஆக, காபன் கத்தி வந்தபோது அது வெறும் கத்தியாக எனக்குத் தெரியவில்லை. போனது திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் ரெண்டையும் மும்மூன்று கிழமை மாற்றி மாற்றிப் பாவித்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அனுப்பிய பிள்ளைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமே.

வெட்டுவதில் காபன்தான் மேல். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு வட்டம் இருக்குமே, அதில் பத்துத் தரம் இழுத்தால் போதும், கடதாசி தானாகப் பிரியும். மற்றதற்கு அதே கூர்மை வர இன்னும் கொஞ்சம் மினக்கெட வேண்டும். ஆனால் ஒரு மாங்காய் வெட்டியதும் காபன் அலகு நீலமாகிப் பிறகு கறுக்கும். புளி இரும்போடு சேர்வதால் வருவது. அது கறள் இல்லை, சொல்லப்போனால் கறளைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். முதல் வாரம் மாங்காயில் இரும்பு வாடை அடித்தது. பிறகு குறைந்துவிட்டது.

நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும்தான் பெரிய பிரச்சினை. ஒரு நாள் வியர்வையோடு சேர்ட் பொக்கட்டில் இருந்ததற்கே மறுநாள் காலை செம்புள்ளி. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் சரிதான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். வாப்பா தினமும் செய்தாரா என்று யோசித்தேன். செய்யவே இல்லை. அவர் பாவித்துக்கொண்டே இருந்தார், அது தேய்ந்துகொண்டே இருந்தது. நான் சோக்குக்கட்டி பிடிக்கிறவன். என் பொக்கட்டில் கத்தி பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

மாரியில் ரெண்டும் ஒரே பாடு. மரம் ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் திறக்க வராது. அதற்குச் சவோய்க்காரர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்: பிடியின் வால் பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு, அலகு வெளியே எட்டிப் பார்க்கும். மகள் இதைக் கண்டதிலிருந்து மேசைக்கு நிம்மதி இல்லை.

பாடசாலைக்குள் நான் ரெண்டையும் கொண்டுபோவதில்லை. பைக் சீற்றுக்குக் கீழே வைத்துப் பூட்டிவிடுவேன். பிள்ளைகளுக்கு முன்னால் பொக்கட்டில் கத்தியோடு நிற்கிற ஆசிரியராக இருக்க எனக்கு விருப்பமில்லை. வாப்பா வயலுக்குக் கொண்டுபோனார், அது வேறு.

மூன்றாவது கிழமை, காபனின் முறை. மட்டக்களப்புக்குப் போகும் வழியில் பொலிஸ் மறித்து லைசன் கேட்டார்கள். பர்ஸை இழுத்தேன், கத்தியும் சேர்ந்து வெளியே வந்தது.

"மேக்க மொகக்த?"

"பலத்துரு கபன்ன சேர்" என்றேன். பழம் வெட்ட. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. தாடி, தொப்பி, கையில் கத்தி. அவர் வாங்கித் திறந்தார். அலகு கறுப்பும் நீலமும் சாம்பலுமாக, ஏதோ செய்துவிட்டு ஒளித்து வைத்த மாதிரி இருந்தது. நான் பெருமைப்பட்ட அதே நிறம். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். மாங்காய் வெட்டினால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பினாரோ என்னவோ. பிறகு மூடப் பார்த்தார், மூட வரவில்லை. வளையம் பூட்டியிருந்தது. அவர் அழுத்த, எனக்கு அவருடைய விரலைப் பற்றிப் பயம். "சேர், கொஞ்சம் பொறுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, கை நடுங்க நடுங்க வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் ரெண்டு மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தார். அடுத்து நின்றவரும் வாங்கிப் பார்த்தார். "ஹரி, யன்ன."

ஒரு கட்டை தூரம் போய் மரத்தடியில் பைக்கை நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன். அவர்கள் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. அதுவும் எழுதப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறள் பிடிக்காதது மூன்று கிழமை பாவித்த பிறகும் கடையில் வாங்கிய மாதிரி வெள்ளையாக இருந்தது. யார் கையில் எடுத்தாலும் பழக் கத்தி என்று சொல்லும். உண்மையைச் சொன்னால், நான் அதைத் தெரிவு செய்ததற்குப் பாதிக் காரணம் உப்புக்காற்று. மறுபாதி இதுதான். கத்தி வாங்கும்போது வேறு ஆட்கள் இப்படியெல்லாம் யோசிப்பார்களா தெரியாது.

அந்தத் தம்பிக்கு என் பதில்: நான் வைத்திருக்கிறேன். ஆனால் எதற்கு என்று ஒரு வசனத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அது சிங்களத்திலும் தெரிந்திருந்தால் நல்லம். பாடசாலை, கோர்ட், ஒஃபிஸ் பக்கம் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கையில் கொண்டுபோகிற பெக்கில் போட்டுவிடாதீர்கள்.

காபன் கத்தியை யாருக்குக் கொடுக்கலாம் என்று காக்காவையும் மச்சானையும் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை குசினியில் உம்மா அதால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. யார் எடுத்துக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அலகு இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது.

"இது நல்லா வெட்டுது மனே," என்றா. "பூட்டத்தான் தெரியல்ல."

வளையத்தைத் திருப்பிக் காட்டினேன்.