சார்ஜரைத் திருப்பிப் பார்

கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு நீயும் சிதம்பரம் வருவதாகச் சொன்னாயே, பெட்டி கட்டுவதற்குள் இதைப் படித்துவிடு.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் அடாப்டர் கேட்டேன். கடைக்காரர் உடனே எடுத்துத் தரவில்லை. "போன் சார்ஜருக்கா, சூடு பண்ற சாமானுக்கா?" என்றார். அமெரிக்காவில் எந்தக் கடையிலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. போன், லேப்டாப் சார்ஜர்களைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 100–240 என்று இருக்கும், அவற்றுக்குப் பயமில்லை. வெறும் 120 என்றிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா. உன் ஹேர் டிரையரைத்தான் சொல்கிறேன். வோல்டேஜ் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உள்ளே இருக்கும் சுருள் கம்பி கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜை இறக்கலாம், ஹெர்ட்ஸ் மாறாது. அதை நம்பி ஓடும் பழைய மேசைக் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது நிமிடம்தான் நகரும்.

சிதம்பரம் போகிற வழியில் பரங்கிப்பேட்டையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற ஊர். அடுப்படியில் சிங்கப்பூர் ரைஸ் குக்கர், சதுரப் பின்னோடு. அங்கும் 230, 50தான். அடாப்டர் ஒன்றே போதும். நம் உருண்டைப் பின்னும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், தெரியுமா? 1947இல் அவன் தன் ஊரில் சதுரப் பின்னுக்குத் தரம் வகுத்து மெல்ல மாறிக்கொண்டான். நாம் பழையதையே வைத்துக்கொண்டோம்.

அடாப்டர் வாங்கினால் மூன்று பின் உள்ளதாக வாங்கு. மெல்லிய இரண்டு பின் உள்ளது இங்கே தொளதொளவென்று ஆடும், பொறி பறக்கும். லாட்ஜில் பெரிய ஓட்டைகளோடு இருக்கும் பிளக் பாயின்ட் 15 ஆம்பியர், கீசர், ஏசிக்கானது. கட்டிலருகே இருக்கும் சின்னதுதான் உனக்கு. 1962 முதல் நெய்வேலியில் மின்சாரம் எடுக்கும் மாவட்டம் இது. ஆனாலும் பழைய வீடுகளில் ஸ்டெபிலைசர் இல்லாமல் பிரிட்ஜ் கிடையாது!

நீ கேட்ட மிக்ஸியை இங்கே சும்மா வாங்கி வந்துவிட முடியாது. 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும், உளுந்து அரையாது. 110 வோல்ட் மாடல் தனியாக விற்கிறார்கள். சட்னி ஜார் எத்தனை வேண்டும், எழுது.

அன்புடன்,
உன் தோழி