நீச்சல் குளமும் மூணு ஹெச்.பி. மோட்டாரும்

பி.காம். படிக்கிறவனுக்கும் நீச்சல் குளத்து மோட்டாருக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் மாமா.

மாமாவுக்குத் தொழில் அச்சகம். வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பும் இருக்கிறது. இப்போது எல்லா ஊரிலும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிற சின்னச் சின்ன நீச்சல் குளங்கள் வந்துவிட்டன இல்லையா, அதைப் பார்த்து மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு நிற்கிற ஊரில் குளமா என்று அத்தை கேட்டதற்கு அவர் காது கேட்கவில்லை. 40 அடி நீளம், 20 அடி அகலம், ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் ஐந்தடி. டைல்ஸ் எல்லாம் ஒட்டி அமர்க்களமாகக் கட்டிவிட்டார்.

காசு தீர்ந்தது மோட்டார் வாங்கும்போது. தோப்புக் கிணற்றில் சும்மா கிடந்த 3 ஹெச்.பி. மோனோபிளாக்கை எடுத்து வந்து மாட்டினார். "இருக்குறத விட்டுட்டுப் புதுசு எதுக்கு மாப்ள? பெரிய மோட்டார்னா சீக்கிரம் சுத்தமாயிரும்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பத்தே நாளில் தண்ணீர் கலங்கிப் பச்சையாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஃபில்டரில் போட்ட மணல் குளத்துக்கே திரும்பி வந்து காலில் நறநறவென்றது. கணக்கு எழுதித் தரப் போன என்னிடம், "படிச்சவன்தான, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். கணக்கு போட்டால் புரிகிற விஷயம்தான். 40, 20, சராசரி ஆழம் 4, பெருக்கினால் 3200 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 90,000 லிட்டர். குளத்துத் தண்ணீர் மொத்தமும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்கிற அளவு. அப்படியானால் மணிக்கு 15,000 லிட்டர். குளத்தில் எடுத்துக் குளத்திலேயே விடுவதால் உயரத்துக்கு ஏற்றுகிற வேலை இல்லை, பைப்பும் ஃபில்டரும் கொடுக்கிற தடைதான். அதற்கு ஒன்றரை ஹெச்.பி. தாராளம்.

மணல் ஃபில்டரில் தண்ணீர் நிதானமாக இறங்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் அழுக்கு மணலில் தங்காமல் ஊடுருவிப் போய்விடும். மாமா போட்டிருந்ததோ வேலைக்கு வாங்கி மிஞ்சிய ஆற்று மணல் (சிரிக்காதீர்கள்). அரை மில்லிமீட்டர் சுற்றளவில் ஒரே சீராகச் சலித்த சிலிகா மணல் போட வேண்டும். நைசான மணல் கீழே இருக்கிற கீறல் குழாய் வழியாக வெளியே வந்துவிடும். அதோடு, கிணற்று மோனோபிளாக் இரும்பு, குளோரின் பட்டால் அரிக்கும். இலையையும் முடியையும் பிடிக்கிற கூடை அதில் கிடையாது. குளத்துக்கென்றே வருகிற பம்பில் முன்னால் ஒரு கூடை இருக்கும், தினமும் கழற்றிக் கொட்டலாம்.

இதை எல்லாம் சொன்னால் மாமா, "ரெண்டு நாள் கழிச்சுப் பாப்போம்" என்றார். எங்கள் பாடத்தில் மூழ்கிய செலவு என்று ஒன்று வரும். மூழ்கிப் போன காசுக்காக மேலும் காசை மூழ்கடிக்காதே என்பார்கள். குளத்தங்கரையில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் யாரும் வரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆழப் பக்கம் இறங்கி நின்றேன், தண்ணீர் கழுத்தளவு. அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற வாய் ஒன்றே ஒன்று. அதன் மூடி உடைந்து யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். மேல்மட்ட அழுக்கை இழுக்கிற ஸ்கிம்மர் வால்வையும் பிளம்பர் மூடிவிட்டுப் போயிருந்தார். அதனால் மூணு ஹெச்.பி. இழுப்பு முழுவதும் அந்த ஒரே வாயில். காலை வைத்தேன். பாதம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் முட்டிதான் வலிக்கிறது. "மோட்டார ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். மோட்டார் ரூம் குளத்துக்குப் பின்னால், அதற்குப் பூட்டு வேறு. வாட்ச்மேன் தாத்தா சாவி தேடி அணைப்பதற்குள் அரை நிமிஷம் ஆகியிருக்கலாம், எனக்கு அரை மணி நேரம். கால் விடுபட்டபோது உள்ளங்காலில் வட்டமாகச் சிவந்த தடம்.

என் தலை வெளியே இருந்ததால் கத்த முடிந்தது. மாமாவின் சின்ன மகளுக்கு ஒன்பது வயது. அவள் அந்த இடத்தில் நின்றால் தண்ணீர் தலைக்கு மேலே. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அவள் அங்கேதான் முங்கி முங்கிக் காசு பொறுக்கி விளையாடியிருக்கிறாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எட்டு அங்குல வட்டம் கிட்டத்தட்ட 320 சதுர செ.மீ. உடம்பு அதை அடைத்து, காற்றழுத்தத்தில் பாதி அளவுக்கு வெற்றிடம் உண்டானாலே 160 கிலோ எடை அழுத்துகிற மாதிரி. அமெரிக்காவில் 2002-ல் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சுவாயில் மாட்டி இறந்துபோனாள். அந்த நாட்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் அம்மா விடாமல் போராடி, 2007-ல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. பொதுக் குளங்களில் சிக்க வைக்காத மூடி இருந்தே ஆக வேண்டும் என்று. இரண்டு வாய்கள் வைத்து அவற்றுக்கு இடையே மூன்றடியாவது இடைவெளி விட்டால், ஒன்று அடைபட்டாலும் தண்ணீர் மற்றதன் வழியாகப் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். நம்மூர் கிணற்றில் நாம் குதித்து ஆடியபோது இந்தப் பயமே இல்லை, ஃபுட்வால்வ் எங்கேயோ ஆழத்தில் கிடக்கும். தண்ணீரும் வயலுக்குப் போய்ப் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும், ஃபில்டரும் வேண்டாம்.

மறுநாள் மாமாவிடம் என் காலைக் காட்டினேன். மகளைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குளத்தை அன்றைக்கே மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஒன்றரை ஹெச்.பி. பம்பு வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனிதான். (1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர், வேறெங்கே போவது?) தரையை உடைத்து இரண்டாவது வாய், குவிந்த மூடிகள், குளத்தோரமே கை எட்டுகிற இடத்தில் சிவப்பு அவசர ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியருக்கே விழுகிற எர்த் லீக்கேஜ் பிரேக்கர். கரண்ட் செலவையும் சொல்லிவிடுகிறேன். பழைய மோட்டாருக்கும் இதற்கும் சுமார் 1.4 கிலோவாட் வித்தியாசம். நாளைக்கு எட்டு மணி நேரம், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் மிச்சம். இதைக் கேட்டதும்தான் மாமா முகத்தில் சிரிப்பு வந்தது. நடுவில், தோப்பு இலவச மின்சாரத்தில் ஓட்டினால் என்ன என்று ஒரு யோசனை சொன்னார். குளம் விவசாயத்தில் சேராது மாமா என்றேன்.

இப்போது பராமரிப்பு என் பொறுப்பு, சனிக்கிழமை தோறும். ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் வழக்கத்தைவிட அரை கிலோ கூடினால் பேக்வாஷ். மோட்டாரை நிறுத்தாமல் மல்ட்டிபோர்ட் வால்வைத் திருப்பவே கூடாது, உள்ளே கேஸ்கெட் கிழிந்துவிடும். மூன்று நிமிஷத்தில் 750 லிட்டர் போகும், அதை ஒரு குழியில் விட்டு, இரண்டு நாள் குளோரின் ஆவியானதும் தென்னைக்கு. அத்தைக்கு இந்த 750 லிட்டர்தான் கண்ணை உறுத்துகிறது. நம் வெயிலில் நாளைக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானாலே 500 லிட்டர் சத்தமில்லாமல் போகிறது என்று சொன்னதிலிருந்து, ராத்திரி குளத்துக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிவிட்டார்.

குளோரின் டப்பாவை மாமா அச்சு மை, மண்ணெண்ணெயோடு ஒரே ஷெட்டில் வைத்திருந்தார். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. வெடியுப்பையும் கந்தகத்தையும் ஏன் தனித்தனியாக வைக்கிறார்கள் என்று சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுவும் அந்த ஜாதி மருந்துதான் மாமா என்று ஒரே வரி. அன்றைக்கே தனி ரூம்.

தினமும் காலையில் குளத்தைத் திறப்பதற்கு முன் மாமா அந்தச் சிவப்பு ஸ்விட்சை ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறார். மோட்டார் நின்றால்தான் டிக்கெட். மூணு ஹெச்.பி. மறுபடி கிணற்றடிக்கே போய்த் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது.