அம்மாவின் பேட்டர்ன்

சித்திரை வெயில் ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரு காட்டன் டாப் தைத்துப்போட ஆசை. கையில் இருந்ததோ, அம்மா தன் அளவுக்குக் காக்கித்தாளில் வெட்டி வைத்துவிட்டுப் போன ஏ-லைன் கவுன் பேட்டர்ன் மட்டும்தான். அதை வெட்டினால் போச்சு! நியூஸ்பேப்பரில் வரைந்து எடுத்தாள். இடுப்பிலிருந்து 8 அங்குலம் இறக்கி, மடித்துத் தைக்க 1 அங்குலம் விட்டாள். ஜிப் வேண்டாம் என்பதால், பின்பக்கத் தையல் ஓரத்தைக் கழித்துத் துணி மடிப்பில் வைத்தாள். ஆனால் 22 அங்குலத் தலை 20 அங்குலக் கழுத்தில் நுழையாதே? கழுத்தை இறக்கினாள். பருத்தி சுருங்கும் என்று சுங்குடித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே கத்திரி எடுத்தாள்.

மார்பு டார்ட்டை மட்டும் தொடவில்லை. அம்மா போட்ட கோடு அவளுக்கும் அப்படியே பொருந்தியது. காக்கித்தாள் முழுசாகப் பீரோவுக்குத் திரும்பியது.